சூட்டுக்குத் திசை எப்படித் தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், லேசர் அடித்தால் காந்தம் திசை மாறும் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பேப்பரில் இந்த மாதிரி விஷயம் வருவதே அபூர்வம், அதனால் நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதற்கப்புறம் வருவது பெரும்பாலும் குறைதான்.

நான் மணவாளக்குறிச்சிக்காரன். பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு இங்கே மணல் ஆலையில் 28 வருஷம் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் மேக்னெட்டிக் செப்பரேட்டர் பக்கத்தில். கருமணலைக் காயவைத்துக் காந்த உருளைமேல் விட்டால் இல்மனைட் முதலில் ஒட்டிக்கொண்டு போகும், காந்தத்தின் பலத்தைக் கூட்டினால் கார்னெட்டும் மோனசைட்டும் வரும், சிர்க்கானும் ரூட்டைலும் எதற்கும் மசியாமல் நேரே கீழே விழும். வேலையை விட்டு வந்த பிறகும் காந்தம் பற்றி எது கண்ணில் பட்டாலும் விடுவதில்லை. மகன் ஒரு பழைய லேப்டாப் வாங்கித் தந்திருக்கிறான், ராத்திரி தூக்கம் வராதபோது அதில் இதுதான் படிப்பு.

கட்டுரையை என்னிடம் கொண்டுவந்து காட்டியவள் பேத்தி, பிளஸ் ஒன் படிக்கிறாள். அதில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தாள்: லேசரின் வெப்பம் காந்தத்தை எதிர்த்திசைக்குத் தள்ளிவிடுகிறது என்ற வரி. "பாட்டா, சூடு பண்ணினா காந்தம் போகும், அது பாடத்துலேயே இருக்கு. ஆனா எந்தப் பக்கம் திரும்பணும்னு சூட்டுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். கட்டுரையை எழுதியவருக்கு இந்தக் கேள்வி வந்திருந்தால் அவர் வேறு கட்டுரை எழுதியிருப்பார்.

சின்னத் தப்பை முதலில் முடித்துவிடுகிறேன். பிக்கோ நொடி என்றால் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று போட்டிருக்கிறீர்கள். அது மைக்ரோ நொடி. அந்த மைக்ரோ நொடியை மறுபடியும் பத்து லட்சமாக உடைத்தால்தான் பிக்கோ, அதை இன்னும் ஆயிரமாக உடைத்தால் ஃபெம்டோ. இந்தச் சோதனைகளில் அடிக்கும் லேசர் துடிப்பு 40, 60 ஃபெம்டோ நொடிதான் நீடிக்கும். ஒளி எவ்வளவு வேகம் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த ஒளியே ஒரு ஃபெம்டோ நொடியில் போகும் தூரம் 0.3 மைக்ரான்தான். ஆகவே 40 ஃபெம்டோ நொடித் துடிப்பைக் காற்றில் அப்படியே பிடித்து நிறுத்திப் பார்க்க முடிந்தால் அதன் நீளம் 12 மைக்ரான். எங்கள் கடற்கரையின் கருமணல் துகள் ஒன்று அதைவிடப் பத்து மடங்கு பெரியது.

இப்போது பெரிய குழப்பத்துக்கு வருகிறேன். கட்டுரையில் இரண்டு வெவ்வேறு சமாச்சாரத்தை ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டீர்கள். லேசரால் சூடாக்கிக் காந்தத்தில் எழுதுவது பழைய வித்தை. 1992-ல் சோனி கொண்டுவந்த மினிடிஸ்க் அப்படித்தான் வேலை செய்தது, லேசர் ஒரு புள்ளியைச் சூடாக்கி இளக்கும், மறுபக்கம் ஒரு காந்தத் தலை நின்று அந்தப் புள்ளி எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும். சீகேட் நிறுவனம் 2024-ல் அறிவித்த 30 டெராபைட்டைத் தாண்டும் ஹார்டு டிஸ்க்குகளும் அடிப்படையில் இதே வழிதான். இரும்பு-பிளாட்டினம் படலத்தை ஒரு குட்டி டயோடு லேசர் ஒரு நானோ நொடி அளவுக்குச் சூடாக்கும், திசையைக் கொடுப்பது அப்போதும் காந்தத் தலைதான். கடையில் கிடைக்கிறது என்று நீங்கள் எழுதியது இதைப் பற்றி. இதில் ஃபெம்டோ நொடியும் கிடையாது, சூட்டுக்குத் திசை தெரிய வேண்டிய அவசியமும் கிடையாது, ஏனென்றால் திசை சொல்ல ஆள் பக்கத்திலேயே நிற்கிறது.

ஆச்சரியம் இருப்பது இன்னொன்றில், காந்தத் தலை எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெறும் லேசர் துடிப்பு மட்டும் காந்தத்தைத் திருப்புவதில். அதைச் சொல்ல 1996-லிருந்து தொடங்க வேண்டும். பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் போரப்பேர், பிகோ என்பவர்களும் அவர்களோடு இருந்தவர்களும் சுமார் 20 நானோமீட்டர் தடிமனுள்ள நிக்கல் படலத்தில் 60 ஃபெம்டோ நொடித் துடிப்பை அடித்துப் பார்த்தார்கள். ஒரு பிக்கோ நொடி ஆவதற்குள் காந்தத்தில் கணிசமான பகுதி சரிந்துவிட்டது. காந்தம் என்பது எலக்ட்ரான்களின் சுழல் (ஸ்பின் என்பார்கள்), சுழல் குறைய வேண்டுமென்றால் அது வேறு எங்காவது போய்ச் சேர வேண்டும், அவ்வளவு சீக்கிரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்று ஆரம்பித்த சண்டை முப்பது வருஷத்தை நெருங்கியும் முழுதாக ஓயவில்லை.

படலம் எரிந்துபோகாதா என்று உங்கள் வாசகர் யாராவது கேட்பார்கள், பேத்தியும் கேட்டாள். அடிக்கும் ஆற்றல் மிகக் கொஞ்சம், ஒரு மைக்ரோ ஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை 40 ஃபெம்டோ நொடிக்குள் அடைத்துவிடுவதால் அந்தக் கணத்தின் பவர் 25 மெகாவாட். ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தலில் நிற்கும் காற்றாலை ஒன்று 2 மெகாவாட் தரும் என்று வைத்தால் பன்னிரண்டு காற்றாலை சேர்ந்து சுற்றுகிற பவர் அது. அது நீடிப்பது அந்த 40 ஃபெம்டோ நொடிதான், அதனால் கைக்குக்கூடச் சூடு தெரியாது. (இப்படித் துடிப்பை முதலில் நீட்டி, பலப்படுத்தி, அப்புறம் சுருக்கும் வழியை 1985-ல் சொன்ன ஸ்ட்ரிக்லண்டுக்கும் மூருவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது.) படலத்துக்குள் முதலில் சூடாவது எலக்ட்ரான்கள், அவை ஆயிரம் டிகிரியைத் தாண்டும்போதுகூட அணுக்களுக்கு விஷயமே தெரியாது. அந்தச் சூடு அணுக்களுக்கு இறங்கச் சில பிக்கோ நொடி ஆகும், நாம் பேசும் கூத்து அதற்குள் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

ஆனால் 1996-ல் நிக்கலில் காந்தம் குறைந்ததே தவிரத் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆறி, பழைய திசைக்கே வந்துவிட்டது. திரும்பியது 2007-ல். நெதர்லாந்தில் நெய்மேகன் நகரத்து ஆய்வுக்கூடத்தில், ஜப்பானியக் கூட்டாளிகள் செய்து தந்த கடோலினியம்-இரும்பு-கோபால்ட் கலவைப் படலத்தில், 40 ஃபெம்டோ நொடித் துடிப்பால். அந்தக் கலவையில் நூற்றுக்கு 22 பங்கு கடோலினியம் என்ற அருமண் உலோகம், கொஞ்சம் கோபால்ட், மீதி எல்லாம் இரும்பு. அவர்கள் அடித்த ஒளி வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ திருகப்பட்ட ஒளி, வலஞ்சுழி ஒரு திசையில் எழுதியது, இடஞ்சுழி எதிர்த்திசையில் எழுதியது. சரி, திருகிய ஒளி ஒரு காந்தம் போல நடந்து தள்ளுகிறது என்று அன்று அவர்களே நினைத்தார்கள். உங்கள் கட்டுரையில் 'லேசரின் காந்த விசை' என்று இன்னொரு இடத்தில் வருகிறதே, அது இந்தப் பழைய விளக்கத்தின் மிச்சம். அதனால் கட்டுரையாளரை நான் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன், பெரிய பெரிய ஆட்களே ஐந்து வருஷம் அப்படி நினைத்திருந்தார்கள்.

2012-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்து ஆஸ்ட்லரும் அவரோடு ஒரு பெரிய கூட்டமும் சேர்ந்து, திருகாத சாதாரண ஒளித் துடிப்பே போதும், வெறும் சூடே போதும் என்று காட்டினார்கள். ஒரு துடிப்பு அடித்தால் திரும்பும், இன்னொன்று அடித்தால் பழையபடி வரும், மூன்றாவதுக்கு மறுபடி திரும்பும். அப்படியானால் 2007-ல் திருகு எதற்கு உதவியது என்று கேட்டால், வலஞ்சுழி ஒளியை ஒரு திசைக் காந்தம் சற்றுக் கூடுதலாக உறிஞ்சும், எதிர்த்திசைக் காந்தம் சற்றுக் குறைவாக உறிஞ்சும். அந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒன்று சூட்டின் எல்லையைத் தாண்டும், மற்றொன்று தாண்டாது, அவ்வளவுதான்.

இப்போது பேத்தியின் கேள்வி. சூட்டுக்குத் திசை தெரியாது. தெரிந்திருப்பது அந்தக் கலவைக்கு.

ஓண சமயத்தில் நம் பக்கம் கிளப்புகள் வடமிழுப்புப் போட்டி நடத்துவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படலத்தில் இரும்பு ஒரு கட்சி, கடோலினியம் எதிர்க்கட்சி. இரும்பின் காந்தம் கீழ்நோக்கி என்றால் கடோலினியத்தின் காந்தம் மேல்நோக்கி நிற்கும், எப்போதும் எதிரும் புதிரும், அது அந்த இரண்டு உலோகத்துக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம். லேசர் விழுந்ததும் இரண்டு கட்சியும் ஆட்டம் காணும், ஆனால் ஒரே வேகத்தில் இல்லை. இரும்பு இளவட்டம், சட்டென்று வடத்தை விட்டுவிடும். கடோலினியம் கனத்த ஆள், கையை எடுக்க நேரம் ஆகும். 2011-ல் பெர்லின் எக்ஸ்ரே நிலையத்தில் இதைத் தனித்தனியாக அளந்தார்கள்: இரும்பின் காந்தம் பூஜ்யத்தைத் தொட 300 ஃபெம்டோ நொடி, கடோலினியத்துக்கு 1.5 பிக்கோ நொடி, ஐந்து மடங்கு.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. இரும்பிடம் ஒன்றுமில்லை, கடோலினியம் தன் மேல்நோக்கிய சுழலை இன்னும் இழந்துகொண்டிருக்கிறது, இழக்கும் சுழல் காற்றில் கரையாது, பக்கத்தில் காலியாக நிற்கும் இரும்புக்குத்தான் போகிறது. அதனால் கீழ்நோக்கி நின்ற இரும்பு இப்போது மேல்நோக்கி எழுகிறது. கொஞ்ச நேரம், ஒரு பிக்கோ நொடி அளவுக்கு, இரண்டு கட்சியும் ஒரே பக்கம் நின்று இழுக்கிற விநோதம் நடக்கிறது. பிறகு ஆறும்போது பழைய ஒப்பந்தம் ஞாபகத்துக்கு வருகிறது, எதிரெதிரே நின்றாக வேண்டும், இரும்பு முந்திக்கொண்டு மேலே போய்விட்டதால் கடோலினியத்துக்குக் கீழ்ப்பக்கம்தான் மிச்சம். ஆட்டம் முடிந்து பார்த்தால் இரண்டு கட்சியும் இடம் மாறி நிற்கின்றன. வடமிழுப்பில் இப்படி நடந்தால் அடிதடி ஆகிவிடும், உவமைக்கு அங்கே எல்லை வந்துவிட்டது. நிக்கலில் ஏன் திரும்பவில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும், அங்கே ஒரே கட்சி, சுழலை வாங்கிக்கொள்ள எதிர்க்கட்சி இல்லை.

இதைச் சொன்னதும் அவள் அடுத்த நிமிஷமே, "அப்போ இப்ப எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரியாம அடிச்சா?" என்றாள். "தெரியாம அடிக்கக் கூடாது மக்களே" என்றேன், வேறு பதில் இல்லை. திருப்பிப் போடும் சுவிட்ச் அது, மேலே வை, கீழே வை என்று கட்டளை இடும் சுவிட்ச் இல்லை. ஒரு புள்ளியில் எழுதுவதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று படித்தாக வேண்டும், தேவையிருந்தால்தான் அடிக்க வேண்டும். இன்னொரு தொல்லை, ஒளியைக் கண்ணாடிவில்லை வைத்து எவ்வளவு குவித்தாலும் சில நூறு நானோமீட்டருக்குக் கீழே புள்ளி சிறுக்காது. இன்றைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிட் உட்காரும் இடம் அதைவிட எவ்வளவோ சின்னது. இந்த இரண்டையும் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பதிலாக 'ஆயிரம் மடங்கு வேகமான கம்ப்யூட்டர் விரைவில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஹார்டு டிஸ்க் மெதுவாக இருப்பதற்குக் காரணம் காந்தம் திரும்ப நேரமாவது இல்லை ஐயா. நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8 மில்லி நொடிக்கு மேல் ஆகும், தேவையான இடம் தலைக்குக் கீழே வரும்வரை எல்லாம் காத்துக் கிடக்கும். எட்டு மில்லி நொடி காத்திருந்து ஒரு பிக்கோ நொடியில் எழுதி என்ன லாபம்? திங்கள்சந்தையிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்றவன், ஏறும்போது மட்டும் தாவி ஏறின கதைதான். தவிர இப்போது வரும் லேப்டாப்பில் பெரும்பாலும் சுற்றும் காந்தத் தட்டே கிடையாது, போனில் கிடையவே கிடையாது.

நிஜமாகவே எங்கே உதவும் என்று கேட்டால், சுற்றும் பாகம் இல்லாத காந்தச் சில்லுகளில் உதவலாம். கண்ணாடி இழையில் ஒளியாக வரும் தகவலை மின்சாரமாக மாற்றி அப்புறம் காந்தமாக எழுதுவதற்குப் பதில் ஒளியிலிருந்து நேரே காந்தமாக எழுதிவிடுவது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்து ஆட்கள் கோபால்ட் படலத்துக்கு மேலே கடோலினியப் படலத்தை அடுக்கி, ஒற்றைத் துடிப்பில் திருப்பிக் காட்டினார்கள். 2019-ல் அப்படி எழுதிய காந்தப் பகுதியை அதே கம்பியில் மின்னோட்டத்தால் நகர்த்தியும் காட்டிவிட்டார்கள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் இது ஆய்வுக்கூடத்தில் மேசை நிறைய கண்ணாடிகளை வைத்துச் செய்வது, 'விரைவில்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நம் நாட்டிலும் கொல்கத்தாவில் எஸ்.என். போஸ் மையத்தில் காந்தப் படலங்களின் இந்த அதிவேக ஆட்டத்தை அளக்கிறார்கள், அதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

அளப்பது எப்படி என்பதையும் விட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த பாகம். பிக்கோ நொடியை அளக்கச் சாதாரணக் கேமராவால் ஆகாது, அதனால் ஒரே துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பலமான பாதி படலத்தை அடிக்கும், பலவீனமான பாதி சற்றுப் பின்னால் வந்து, பட்டுத் திரும்பும்போது தன் அதிர்வுத் தளம் எவ்வளவு திரும்பியது என்பதை வைத்துக் காந்தத்தின் நிலையைச் சொல்லும், இது 1877-ல் ஜான் கெர் கண்டுபிடித்த விளைவு. பின்னால் வருவதைத் தாமதப்படுத்த ஒரு கண்ணாடியைத் திருகாணியால் பின்னுக்கு நகர்த்துவார்கள், 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒளிக்குப் போய்வர ஒரு பிக்கோ நொடி கூடுதலாகிறது. பெரிய கடிகாரம் எதுவும் வேண்டாம், ஒரு திருகாணியால் நேரத்தை அளக்கிறார்கள். ஆலையில் காந்தத்துக்கும் உருளைக்கும் நடுவே இடைவெளியைத் திருகித் திருகி வைத்த எனக்கு அதைப் படித்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

கடைசியாக, மாவட்டப் பதிப்பில் போட்டீர்களே, அதனால் கேட்கிறேன். கடோலினியம் என்று மூன்று இடத்தில் எழுதிய நீங்கள் அது எங்கள் காலடியில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்து, அதை வைத்துத்தான் மணவாளக்குறிச்சியில் ஆலையே வந்தது. அன்று அவர்களுக்கு வேண்டியது கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம். அதே மோனசைட்டுக்குள் சீரியம், லாந்தனம், நியோடிமியம் கூட்டத்தோடு கடோலினியமும் கொஞ்சம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சிலருக்கு நரம்பில் ஏற்றுகிறார்களே, அந்த மருந்தில் இருப்பதும் இந்த உலோகம்தான். அது இரும்பைப் போலக் காந்தமாக நிற்பது 20 டிகிரிக்குக் கீழேதான், நம்மூரில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் கிடைப்பது கஷ்டம். தனியே நம்மூரில் வைத்தால் காந்தமாக நிற்காத உலோகம், இரும்போடு சேர்ந்தால் இத்தனை வேடிக்கை காட்டுகிறது. மணல் எடுப்பதா வேண்டாமா என்று கிள்ளியூர் பக்கம் நடக்கும் சச்சரவு வேறு விஷயம், அதில் நான் கடற்கரைக்காரர்கள் பக்கம்தான், அதைத் தனியாக எழுதுகிறேன்.

திருத்தம் போட இடமில்லை என்றால் அந்தப் படத்துக்காகவாவது ஒரு வரி போடுங்கள். சிவப்பு லேசர் பேனாவை ஹார்டு டிஸ்க்மேல் பிடித்திருப்பது போல ஒரு படம் அச்சடித்திருக்கிறீர்களே, பேத்தியின் வகுப்புப் பையன் ஒருவன் மண்டைக்காடு கொடையில் வாங்கிய பேனாவை வைத்துக்கொண்டு, அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி இரண்டு நாளாகத் தட்டில் அடித்துக்கொண்டிருக்கிறானாம். தட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது கண்ணாடி மாதிரி பளபளப்பு, பட்டுத் திரும்பும் ஒளி அவன் கண்ணில் விழாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மணல் ஆலை ஊழியர்,
மணவாளக்குறிச்சி.
(பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.)